11 நிமிடம் தாங்கிய கயிறு

எங்கள் நாய் குண்டனுக்கு நான் முதன்முதலில் செய்துகொடுத்த இழுகயிறு சரியாக 11 நிமிடம் தாங்கியது. பழைய டி-ஷர்ட் ஒன்றைக் கீற்றுகளாக வெட்டி, மூன்று கால் பின்னலாகப் பின்னி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, இவ்வளவுதானா வேலை என்று பெருமையாக அவன் முன்னால் போட்டேன். பெயர்தான் குண்டன், எடை 14 கிலோதான். ஆனால் தாடை அவன் எடைக்கு மீறியது. நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் தரையெல்லாம் நூல்.

பிய்ந்து கிடந்ததைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடப் போனவன், கொஞ்சம் நின்று அதைப் பார்த்தேன். நடுவில் பின்னல் அப்படியே இருந்தது. பிய்ந்திருந்தது முடிச்சை ஒட்டிய இடத்தில். அடுத்த முறை அவன் கடிக்கும்போது கவனித்ததில் காரணம் புரிந்தது. முன்னங்கால் இரண்டாலும் கயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடைவாய்ப் பல்லுக்கு நடுவே முடிச்சின் கழுத்தை வைத்துக் கத்தரிக்கோல் போல நறுக்குகிறான். டி-ஷர்ட் துணி வலைபோல் பின்னப்பட்டது. ஒரு இழை அறுந்தால் பக்கத்து இழைகளும் வரிசையாகக் கழன்றுவிடும். கையில் எடுத்த நூல்கள் சில ஒரு சாண் நீளம் இருந்தன.

பொறுக்கியதை அடுக்கிப் பார்த்தால் ஒரு பகுதியைக் காணோம். அதுதான் வயிற்றைக் கலக்கியது. டாக்டருக்குப் போன் செய்தேன். வாந்தி எடுக்கிறானா, சாப்பிடுகிறானா என்று கேட்டுவிட்டு, “இரண்டு நாள் கவனிங்க. பின்னாடி நூல் தொங்கினா பிடிச்சு மட்டும் இழுத்துடாதீங்க, அப்படியே கூட்டிட்டு வாங்க” என்றார். நூல் குடலில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால், குடல் அதைத் தள்ள முயன்று முயன்று சுருக்குப்பை மாதிரி மடிந்துகொள்ளுமாம். இழுத்தால் நூல் குடல் சுவரையே அறுத்துவிடலாம். இரண்டாம் நாள் காலை வந்துசேர வேண்டியது ஒழுங்காக வந்துசேர்ந்தது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எதைச் செய்தேன் என்பதை ஒரு வரியில் எழுதுவேன். எங்கே பிய்ந்தது, எவ்வளவு நேரத்தில், பிய்ந்த துண்டு விழுங்கும் அளவா என்பதைத்தான் விரிவாக எழுதுவேன்.

இரண்டாவது கயிறு ஃப்ளீஸ் துணியில். போர்வைகளிலும் குளிர்ச்சட்டைகளிலும் வரும் பஞ்சு பஞ்சான துணி அது. வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, மடித்துத் தைக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தத் திசையில் வெட்டுகிறோம் என்பது முக்கியம். துணியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் நன்றாக நீளும், இன்னொரு பக்கம் அவ்வளவாக நீளாது. முதல் தடவை அதைப் பார்க்காமல் நீளும் பக்கமாகவே வெட்டிவிட்டேன். இரண்டு நாள் இழுத்ததில் கயிறு ரப்பர் போல நீண்டு, பின்னல்களுக்கு இடையே பல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்தது. நீளாத பக்கமாக வெட்டியதுதான் நின்றது.

அளவு: 5 செ.மீ. அகலம், 80 செ.மீ. நீளத்தில் 4 கீற்றுகள். நான்கையும் ஒரு முனையில் சேர்த்து முடிச்சுப் போட்டு, முடிச்சை முழங்காலுக்கு இடையே இடுக்கிக்கொண்டு, கீற்றுகளை நான்கு திசையில் விரித்துக்கொள்வேன். முதல் கீற்றை இரண்டாவதன் மேல் மடிக்க வேண்டும். இரண்டாவதை மூன்றாவதன் மேல், மூன்றாவதை நான்காவதன் மேல். நான்காவதை, முதல் கீற்றை மடித்தபோது உண்டான வளைவுக்குள் நுழைக்க வேண்டும். இப்போது நான்கையும் ஒருசேர இழுத்தால் மேலே நான்கு கட்டமாக ஒரு சதுரம் அமரும். ஒன்றை மட்டும் இழுத்தால் சதுரம் கோணிக்கொள்ளும். நான் எதிரெதிர் கீற்றுகளை இரண்டிரண்டாக இழுக்கிறேன், அது சுலபம்.

அடுத்த சுற்றை எதிர்த்திசையில் மடித்தால் கயிறு சதுரமாக வளரும். ஒரே திசையில் மடித்துக்கொண்டே போனால் உருண்டையாக, திருகியபடி வரும். பார்க்கத் திருகியதுதான் அழகு. ஆனால் குண்டன் சதுரக் கயிற்றைத்தான் நேராகக் கவ்வுகிறான், உருண்டையானது வாயில் உருள்கிறது என்று நினைக்கிறேன். 80 செ.மீ. கீற்றில் பின்னல் மட்டும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் வரும். கை ஒரு முனை, வாய் மறுமுனை, நடுவில் இடைவெளி என்று பார்த்தால் இதற்குக் குறைந்து செய்யக் கூடாது. என் ஆட்காட்டி விரலில் உள்ள தழும்பு இதற்குச் சாட்சி.

முடிச்சை ஒட்டிய இடம் இதிலும் பலவீனம்தான். அதனால் முடிச்சைக் கையால் போட்ட பிறகு, அதன் அடியில் இருக்கும் முதல் சுற்றை இடுக்கியால் பிடித்து இறுக்கி, வால் நான்கையும் 3 செ.மீ.க்கு வெட்டிவிடுகிறேன். நீள வால் விட்டால் அழகாகக் குஞ்சம் மாதிரி இருக்கும், அதைத்தான் அவன் முதலில் மென்று துண்டாக்குவான். அந்தக் கயிறு நான்கு மாதம் ஓடியது. வாரம் ஒருமுறை வாஷிங் மெஷினில் போட்டால் போதும். இழுத்து விளையாடும்போது பக்கவாட்டில் ஆட்டுங்கள், மேல்நோக்கித் தூக்கி வெட்டி இழுக்காதீர்கள். பல்லால் கவ்வியிருந்தாலும் அடி விழுவது கழுத்தில்.

அப்புறம் கழுத்துப்பட்டை. இங்கே விஷயம் வேறு, இது நடுத்தெருவில் அறுந்தால் விளையாட்டாகப் போகாது.

வீட்டில் 2 செ.மீ. நைலான் பட்டை ஒரு சுருள் கிடந்தது. பக்கிளும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மூன்று கம்பிச் சறுக்கியும் 2.5 செ.மீ. அளவில் கிடைத்தன. அரை சென்டிமீட்டர்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று தைத்துவிட்டேன். கழுத்தில் மாட்டியபோது இரண்டு விரல் நுழையும் அளவு சரியாக இருந்தது. நடை போய்த் திரும்பும் வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் குண்டன் பின்வாங்கினான். பட்டை அப்படியே காது வழியாகக் கழன்று என் கையில் தொங்குகிறது, நாய் நடுரோட்டில் நிற்கிறது. நல்லவேளை, அவனும் திகைத்துப்போய் அங்கேயே நின்றான். நான் குந்தி உட்கார்ந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து அளந்தால் பட்டை 6 செ.மீ. நீண்டிருந்தது. சறுக்கி அகலமாக இருந்ததால் பட்டை அதில் ஒருபக்கமாகச் சாய்ந்து, நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வழுகியிருக்கிறது. பட்டையும் உலோகச் சாமான்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மறுபடி 2.5 செ.மீ. பட்டை வாங்கினேன். இந்தத் தடவை தையலை அம்மா பார்த்தார். நான் குறுக்கே நான்கு வரி ஓட்டியிருந்தேன்.

“டேய், பை காதுக்குக்கூட யாரும் இப்படித் தைக்க மாட்டாங்க. ஒரே இழுப்புல ஒவ்வொரு வரியா விட்டுக்கிட்டே வரும்” என்றார்.

“அப்ப எப்படிம்மா?”

“கட்டம் போட்டு உள்ள பெருக்கல் குறி போடு. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒரு வரி பிடிச்சுக்கும்.”

பட்டையை மடித்த இடத்தில் 2 செ.மீ. சதுரம், அதன் மூலைக்கு மூலை இரண்டு கோடுகள். பாலியஸ்டர் நூல், 16-ஆம் எண் ஊசி. இரண்டு அடுக்கு நைலானில் வீட்டு மெஷினின் மோட்டாரை நம்பினால் ஊசி ஒடியும். எனக்கு இரண்டு ஒடிந்தன. பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு குத்தாகப் போட வேண்டும். பொறுமை இருந்தால் முக்கால் மணி நேர வேலை.

பட்டையின் வெட்டு முனையை லைட்டரில் காட்டி உருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரியும். உருகியது ஆறும்போது ஓரத்தில் மணிமணியாக இறுகிவிடுகிறது, விரலால் தடவினால் ரம்பம் போல இருக்கும். முதல் பட்டையில் அதைக் கவனிக்காமல் விட்டதில் அவன் கழுத்தில் ஓரிடத்தில் முடி தேய்ந்து சிவந்துவிட்டது. இப்போது உருக்கிய உடனே கரண்டியின் முதுகால் அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறேன். விரலால் அமுக்க ஆசை வரும். வேண்டாம், உருகிய நைலான் தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

தைத்து முடித்ததும் பட்டையை ஒரு கம்பியில் மாட்டி, சங்கிலி மாட்டும் டி வளையத்தில் 20 லிட்டர் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டேன். 20 கிலோ, ஒரு இரவு முழுக்க. காலையில் பார்த்தால் தையல் அசையவில்லை, சறுக்கியில் பேனாவால் போட்டிருந்த கோடும் நகரவில்லை. ஓடிவந்து வெட்டி இழுக்கும் நாயின் விசை தொங்கும் எடையைவிடப் பல மடங்கு என்பதால், வாளியை ஒரு அடி தூக்கிச் சட்டென்று விட்டும் பார்த்தேன். பாதித் தண்ணீர் என் மேல்.

பூனைக்குக் கணக்கு நேர் எதிர். எங்கள் பூச்சி அலமாரி மேலிருந்து குதிப்பாள், கிரில் கம்பிக்குள் நுழைவாள். பட்டை எங்காவது மாட்டிக்கொண்டால் அது தானாகக் கழன்றுவிட வேண்டும், இல்லையென்றால் தூக்குக் கயிறாகிவிடும். அதற்கென்றே இழுத்தால் விட்டுக்கொடுக்கும் பக்கிள் தனியாக வருகிறது. அதை மட்டும் நானே செய்ய முயலவில்லை, வாங்கித்தான் தைத்தேன். தளர்வாக மாட்டுவதும் ஆபத்துதான், முன்னங்காலோ கீழ்த்தாடையோ உள்ளே சிக்கிக்கொள்ளும். பூச்சி இதுவரை மூன்று பட்டைகளைத் தொலைத்துவிட்டாள். பக்கிள் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

தின்பண்டம் சுலபம் என்று நினைத்தேன். வேகவைத்து மசித்த பூசணி ஒரு கப், பொடித்த ஓட்ஸ் 225 கிராம், ஒரு முட்டை. பிசைந்து, தேய்த்து, வெட்டி, ஓவனில் 170 டிகிரியில் 25 நிமிடம். வாசனை பிரமாதம், நானே ஒன்று சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் டப்பாவைத் திறந்தால் பச்சையாகப் பூசணம். மேலே மொறுமொறுவென்று இருந்தாலும் உள்ளே பூசணியின் ஈரம் அப்படியே இருந்திருக்கிறது. கடையில் வாங்கும் பிஸ்கட் மாதக்கணக்கில் நிற்பது, அதில் ஈரத்தைக் கிட்டத்தட்ட முழுதாக எடுத்துவிடுவதால்.

இரண்டாம் தடவை அரை செ.மீ. தடிமனுக்கு மேல் போகாமல் தேய்த்து, சுட்டதும் அடுப்பை 100 டிகிரிக்குக் குறைத்து இன்னும் ஒன்றரை மணி நேரம் காயவிட்டேன். அணைத்த பிறகும் எடுக்காமல் உள்ளேயே ஆறவிட்டேன். சோதனை எளிது: ஒன்றை உடைத்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும். வளைந்தாலோ நடுவில் நிறம் கருத்திருந்தாலோ மறுபடி அடுப்புக்கு. இப்படிச் செய்தவற்றையும் ஒரு வாரத்துக்கானதை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மீதியை ஃப்ரீசரில் போடுகிறேன்.

மாவை 100 சிறு துண்டாக வெட்டுவேன். மொத்தக் கலவையில் ஏறத்தாழ 1,000 கலோரி இருக்கும் என்பதால் துண்டுக்கு 10. தின்பண்டம் ஒரு நாளைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 14 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 800 கலோரி என்று வைத்தால் எட்டுத் துண்டு. குண்டனுக்கு எண்ணிக்கை தெரியாது, ஒரு துண்டை நாலாக உடைத்து நாலு தடவை கொடுத்தால் நாலு என்றே எடுத்துக்கொள்கிறான்.

சுவைக்காக வேர்க்கடலை வெண்ணெய் சேர்ப்பவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு சில தயாரிப்புகளில் இருக்கும், பிர்ச் சர்க்கரை என்ற பெயரிலும் ஒளிந்திருக்கும். நமக்கு அது விஷம் இல்லை. நாயின் உடலில் அது இன்சுலினை வெள்ளமாகச் சுரக்கவைத்து, அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்கடாமியா ஆகியவையும் என் மாவுப் பக்கம் வரவே கூடாத சாமான்கள். உலர்திராட்சை கேக் செய்த பலகையில் நாய் பிஸ்கட்டைத் தேய்ப்பதில்லை.

பூச்சி இந்த பிஸ்கட்டை முகர்ந்துவிட்டு மண்ணைத் தள்ளுவது போலத் தரையைப் பிறாண்டிவிட்டுப் போனாள். பூசணியின் இனிப்பு அவளுக்கு எட்டவே எட்டாது. பூனைகளுக்கு இனிப்பை அறியும் ஏற்பியின் ஒரு பாதியைத் தரும் மரபணு செயலிழந்து கிடக்கிறது, 2005-இல் மோனெல் ஆய்வு மையத்தினர் கண்டுபிடித்தது இது. ஆகவே அவளுக்குக் கோழி நெஞ்சுக்கறி. உப்பில்லாமல் நன்றாக வேகவைத்து, நாரோடு பிய்த்து, 100 டிகிரியில் மொறுமொறுப்பாகும்வரை காயவிட்டால் முடிந்தது. இதில் எழுத வேறொன்றும் இல்லை, தோற்காத ஒரே பண்டம்.

பூனைப் பொம்மைக்கு நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் 10 செ.மீ. நீள மீன் வெட்டினேன். இரண்டு அடுக்கு, பொடிப்பொடியாகப் பின்தையல், உள்ளே துணித் துணுக்கும் ஒரு கரண்டி காய்ந்த கேட்னிப் இலையும். கண்ணுக்குப் பொத்தான் வைக்கவில்லை, கழன்றால் தொண்டையில் போகும். நூலாலேயே கண் தைத்தேன். ஒரு கண் பெரிதாக, ஒரு கண் சிறிதாக, மீன் எப்போதும் சந்தேகத்தோடு பார்க்கும். கேட்னிப் புதினாக் குடும்பத்துச் செடி. அதிலுள்ள நெபெட்டாலாக்டோன் என்ற பொருளின் வாசனைக்குத்தான் பூனைகள் புரள்கின்றன. மூன்றில் ஒரு பூனைக்கு அது எட்டாது, பிறவியிலேயே அப்படி. அதே பொருள் கொசுவையும் விரட்டும். கேட்னிப் போலவே பூனையை மயக்கும் சில்வர் வைன் என்ற செடியில் உரசிப் புரள்வதால் பூனைக்குக் கொசுத்தொல்லை குறைகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021-இல் காட்டினார்கள். பூச்சி பத்து நிமிடம் மீனைக் கட்டிப்பிடித்து உதைத்துவிட்டு, சடாரென்று அதை மறந்து, துணி வந்த அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்தாள். மீனை மூடிய டப்பாவில் எடுத்து வைத்துவிட்டு வாரத்துக்கு இரண்டு முறை வெளியே எடுத்தால் மவுசு குறையாது. குச்சியில் கட்டிய நூல் பொம்மையும் அப்படித்தான், ஆட்டம் முடிந்ததும் அலமாரிக்குள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. நூல் ஒன்று மாட்டிவிட்டால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும்.

துளைகள் உள்ள ரப்பர் விரிப்பில் மிஞ்சிய ஃப்ளீஸ் கீற்றுகளை முடிந்து, நடுவே பிஸ்கட்டை ஒளித்து வைக்கும் மோப்ப விரிப்பும் செய்தேன். ஒரு கை அளவு உணவைக் கிண்ணத்தில் போட்டால் அரை நிமிடம், இதில் போட்டால் கால் மணி நேரம். கடிப்பதற்கென்று கட்டை, கொம்பு, எலும்பு எதையும் கொடுப்பதில்லை. நகத்தால் அழுத்தினால் துளியாவது பள்ளம் விழ வேண்டும், விழாதது பல்லை உடைக்கும். 1970-களில் ஜோ மார்க்கம் என்பவர் தன் ஃபோக்ஸ்வேகன் வண்டியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது, கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த தன் நாயிடமிருந்து கவனத்தைத் திருப்ப வண்டியின் ரப்பர் பாகம் ஒன்றைத் தூக்கிப் போட்டாராம். நாய் அதை விடவேயில்லை. இன்று உலகமெங்கும் விற்கும் காங் ரப்பர் பொம்மையின் தொடக்கம் அதுதான். அந்த வண்டிக்கு மாற்றுப் பாகம் கிடைத்ததா என்று யாரும் எழுதவில்லை.

இந்த வாரம் ஐந்தாவது கயிறு. நான்காவது, பின்னல் தளர்ந்து ஒரு கீற்று பாதி அறுந்ததும் ஓய்வு பெற்றது. அதை நோட்டில் குறித்துவிட்டேன்: “73 நாள். பல் பட்ட இடம் இடமிருந்து மூன்றாவது சுற்று. துண்டு எதுவும் காணாமல் போகவில்லை.” புதியதற்கு 6 செ.மீ. அகலக் கீற்று வைத்துப் பார்க்கலாம் என்று துணியைத் தரையில் விரித்து அளவுகோலை எடுக்கத் திரும்பினேன். குண்டன் துணியின் ஒரு பாதியிலும் பூச்சி மறு பாதியிலும் படுத்துவிட்டார்கள். நடுவில் மிச்சம் இருப்பது 20 செ.மீ. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.